குறைதீர் அலுவலருக்கு: அந்தப் பச்சை டிக் இன்னும் இருக்கிறது

பழைய பொருள் விற்பனைச் செயலியின் மதிப்பிற்குரிய குறைதீர் அலுவலர் அவர்களுக்கு,

எங்கள் புகார்களுக்கு எண் கொடுத்தீர்கள், பதில் கொடுக்கவில்லை. இத்தனை மணி நேரத்தில் ஒப்புகை, இத்தனை நாளில் தீர்வு என்பதெல்லாம் நீங்கள் அறியாததல்ல, அதை விடுவோம். திருப்பூரில் என் சித்திக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சித்தி பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர். வீட்டில் சும்மா கிடந்த ஓவர்லாக் மிஷினை 12,000 ரூபாய்க்கு உங்கள் செயலியில் போட்டார். படம் ஏறிய சூட்டிலேயே ஒருவன் அரைகுறைத் தமிழில் கூப்பிட்டான். ராணுவத்தில் இருக்கிறானாம், கோவைக்கு மாற்றலாம். மிஷின் எந்த கம்பெனி, எத்தனை வருசம் ஓடியது, ஒன்றும் கேட்கவில்லை. நூறு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. திருப்பூரில் பழைய மிஷினுக்குப் பேரம் பேசாத ஆள் இன்னும் பிறக்கவில்லை. அது உங்கள் கணினிக்குத் தெரிந்திருக்க நியாயமில்லைதான். கேம்ப்பை விட்டு வர முடியாது, வண்டி அனுப்புகிறேன், பணம் இப்போதே போடுகிறேன் என்றான். வாட்ஸ்அப்பில் சீருடைப் படம் போட்ட அடையாள அட்டை வந்தது. பின்னாலேயே ஒரு க்யூஆர் படம். “5 ரூபாய்க்கு டெஸ்ட் பண்ணுங்கம்மா.” செய்தார், 10 ரூபாயாகத் திரும்பி வந்தது. அடுத்த படத்தில் 12,000. அதற்கும் பின் நம்பர் போட்டார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எதற்கு? போட்டால் போவது நம் பணம்தான். ஆனால் ஐந்து பத்தாகி வந்ததைக் கண்ணால் பார்த்தவருக்கு அந்த நேரத்தில் அது தோன்றுமா? “சர்வர் மிஸ்டேக், ரீஃபண்டுக்கு இதை ஸ்கேன் பண்ணுங்க” என்று இன்னொரு படம். சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் 24,000 போயிற்று.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைத்தோம். அதற்குள் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவியிருந்தது. அது போலீஸ் பாடு. உங்கள் பாடு வேறு: அவன் பெயருக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்று நீங்கள் குத்திய பச்சை டிக். அதைப் படம் பிடித்து அனுப்பினோம். அசையவில்லை. பொறுக்காத சித்தி, தன் விளம்பரத்திலேயே அவன் நம்பரைப் போட்டு, ‘இவன் ஏமாற்றுக்காரன், யாரும் ஸ்கேன் பண்ணாதீர்கள்’ என்று எழுதினார். அரை மணி நேரத்தில் விளம்பரத்தைத் தூக்கிவிட்டீர்கள். பிறருடைய தனிப்பட்ட விவரத்தை வெளியிட்டாராம்! சித்தியின் கணக்கும் முடங்கியது. களவு கொடுத்தவருக்குத் தண்டனை, களவாணிக்குக் காவல். இனி ‘தொழில்நுட்பச் சிக்கல்’ என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் வேகத்தைத்தான் பார்த்துவிட்டோமே.

தனி ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் யுபிஐயில் பணம் கேட்டு அனுப்பும் வசதியையே 2025 அக்டோபரிலிருந்து, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுத்திவிட்டது. ஓட்டையைப் பார்த்தார்கள், அடைத்தார்கள். உங்களை அவ்வளவெல்லாம் கேட்கவில்லை. நேற்று முளைத்த ஐடிக்கு எதற்கு டிக்? வாங்குபவன் யாரென்றே தெரியாமல் விற்பவரின் நம்பரை எதற்கு அவன் கையில் கொடுக்கிறீர்கள்? கட்டில் விற்கப் போட்ட எதிர்வீட்டு அக்காவையும் அதே டிக்கோடு கூப்பிட்டிருக்கிறான். இந்த முறை மாற்றல் சேலத்துக்கு.

கணக்கை முடக்கிய கையோடு, ‘எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ என்று சித்திக்கு மெயில் அனுப்பியிருக்கிறீர்கள். அவனுக்கும் அனுப்பினீர்களா? அவன் ஐந்தும் கொடுத்திருப்பான்.

இப்படிக்கு,
முடக்கப்பட்ட கணக்குக்காரரின் அக்கா மகன்