கர்பா கேட்டில் நிற்பவருக்கும் கால் வலிக்கும்

இந்த வருஷ நவராத்திரிக்கு விளம்பரதாரர் ஆகச் சொல்லி எங்கள் கிளைக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. வழவழ தாள், தங்க நிறத்தில் அம்மன் படம். மைதானத்தில் எங்கள் பாங்க் பேனர் வைக்க இத்தனை, கேட்டில் வளைவு வைக்க இத்தனை என்று ரேட் கார்டு. அதைப் பார்த்ததும் ரொம்ப நாளாக எழுதாமல் தள்ளிப்போட்ட விஷயம் தொண்டையில் வந்து நின்றது. எழுதிவிடுகிறேன்.

அகமதாபாத்துக்கு மாற்றலாகி வந்தவன் நான். மணிநகர்ப் பக்கம் வீடு என்பதால் தமிழ் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. தங்கமணி வீட்டில் கொலு வைப்பார், சுண்டல் செய்வார். ராத்திரி ஒன்பது மணிக்கு மகள் சணியா சோளி மாட்டிக்கொண்டு கர்பாவுக்குக் கிளம்பிவிடுவாள். நாங்களும் பின்னாலேயே போவோம். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் வட்டம் வட்டமாக ஒரே தாளத்துக்குச் சுற்றுவதைப் பார்த்தால் எனக்கே கால் பரபரக்கும். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். தப்பே இல்லை.

நடந்தது 2024 அக்டோபரில். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ. பெண்கள் வரிசையில் பையைச் சோதிக்கும் பெண், தங்கமணி பையிலிருந்த டப்பாவை எடுத்து வெளியே வைத்தார். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாதாம். தங்கமணிக்குச் சர்க்கரை, நேரத்துக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். நான் போய்ச் சொன்னேன். "ரூல் சாஹேப்" என்றார் அந்தப் பெண். மறுபடி சொன்னேன், மறுபடி அதே பதில். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அமைப்பாளர்களில் ஒருவரின் கரண்ட் அக்கவுண்ட் என் கிளையில்தான் இருக்கிறது. போன் போட்டேன். அஞ்சு நிமிஷத்தில் சூப்பர்வைசர் ஓடிவந்து, அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண்ணைத் திட்டிவிட்டு எங்களுக்கு வழி விட்டார். சினிமா ஹீரோ மாதிரி உள்ளே போனேன். சுண்டலும் ருசியாகத்தான் இருந்தது.

டிசம்பரில் அந்தப் பெண் என் கிளைக்கு வந்தார். கவுண்டரில் பாஸ்புக்கை மூன்றாவது தடவையாக நீட்டி, பணம் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். கீழே இருக்கும் கணக்கு அவர் வாயால் சொன்னது. எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒரு ராத்திரிக்கு 600 ரூபாய் பேச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு ஆஜராக வேண்டும். கூட்டம் கலைந்து விடும்போது ஒன்றரை மணி. ஒன்பதரை மணி நேரம், நின்றபடி. நாற்காலி கிடையாது, உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாம். கழிப்பறை விருந்தினர் பக்கம்தான் உண்டு, போனால் சூப்பர்வைசர் விரட்டுவார். அதனால் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்களாம். படித்துப் பார்த்துவிட்டு இந்த ஒரு வரியிலேயே கொஞ்ச நேரம் இருங்கள். ராத்திரி ஒன்றரைக்கு வீட்டுக்குப் போக வண்டி கிடையாது. நாலு பெண்கள் சேர்ந்து ஷேர் ஆட்டோ பிடிப்பார்கள்.

ஒன்பது ராத்திரிக்கு 5,400 வர வேண்டும். டி-ஷர்ட்டுக்கு 400 பிடித்தம். "கம்ப்ளெயிண்ட்" வந்த ஒரு ராத்திரிக்கு முழுக் கூலி 600 பிடித்தம். மீதி 4,400. அதுவும் ரெண்டு மாசம் ஆகியும் வரவில்லை. நான் பி.காம், கை சும்மா இருக்காது. எண்பத்தைந்தரை மணி நேரத்துக்கு 4,400 என்றால் மணிக்கு 51 ரூபாய் சில்லறை. உள்ளே ஸ்டாலில் ஒரு தட்டு பாவ் பாஜி வாங்க அவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டும்.

"அந்தக் கம்ப்ளெயிண்ட் நான் கொடுத்ததுதான்" என்று சொல்லிவிட்டேன். "தெரியும் சாஹேப்" என்றார். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை.

அமைப்பாளருக்குப் போன் போட்டேன், இந்தத் தடவை வேறு காரியத்துக்கு. "அது ஏஜென்சி விவகாரம்" என்றார். ஏஜென்சிக்காரர், "நாங்கள் சப்-காண்ட்ராக்ட் கொடுத்துவிட்டோம்" என்றார். சப்-காண்ட்ராக்ட் எடுத்தவர் அந்தச் சூப்பர்வைசரேதான். அவர் போனை எடுக்கவில்லை. சுண்டல் டப்பாவுக்கு அஞ்சு நிமிஷத்தில் கீழே இறங்கிய அதிகாரம், கூலி விஷயத்தில் ஏறவே மாட்டேன் என்கிறது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கு 2005ல் ஒரு சட்டம் போட்டார்கள். அடுத்த வருஷம் வந்த மத்திய மாதிரி விதிகளின்படி ஒரு காவலருக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப் பயிற்சி, குறைந்தது 20 வேலை நாட்களில். கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, தீயணைப்பு எல்லாம் அந்தப் பாடத்தில் உண்டு. இந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பயிற்சி, முதல் நாள் பார்க்கிங்கில் இருபது நிமிஷம்: "பாஸ் பார், பை பார், சிரி."

கூலிக்கும் சட்டம் இருக்கிறது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டப்படி தினக்கூலி என்றால் ஷிஃப்ட் முடியும்போதே கொடுக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு.

ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு ஓட்டை. 1970லேயே இருந்தது, புதுத் தொகுப்பிலும் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். "விட்டுவிட்டு நடக்கும், தற்செயலான" வேலை மட்டும் நடக்கும் இடத்துக்கு அந்தப் பகுதி பொருந்தாது. வருஷத்தில் 120 நாளுக்கு மேல், சீசன் வேலை என்றால் 60 நாளுக்கு மேல் நடந்தால்தான் அந்த விலக்கு போகும். கர்பாவோ ஒன்பது ராத்திரி. மைதானத்தைப் பொறுத்தவரை அது தற்செயல். அந்தப் பெண்ணோ ஒன்பது நாள் கர்பா, பிறகு கல்யாண மண்டபம், பிறகு பாட்டுக் கச்சேரி, பிறகு டிசம்பர் 31 என்று வருஷம் முழுக்க இதே வேலைதான் செய்கிறார். இடம் மாறுவதால் ஒவ்வொரு இடத்திலும் அவர் தற்செயலாக வந்தவர் ஆகிவிடுகிறார்.

"விருப்பம் இருந்தால் வரட்டும், யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்பார் சிலர். சரி, அவரை விடுங்கள். உங்கள் மகளைப் பற்றிப் பேசுவோம். 2023 நவம்பர் 25ல் கொச்சி பல்கலைக்கழகத்தில் பாட்டுக் கச்சேரிக்கு மாணவர்கள் முண்டியடித்து, படிக்கட்டில் விழுந்து நாலு பேர் செத்தார்கள். 2025 ஜூன் 4ல் பெங்களூரு சின்னசாமி மைதான வாசல்களில் 11 பேர். வாசலில்தான் உயிர் போகிறது. அந்த வாசலில் பசியோடு, தண்ணீர் குடிக்காமல், இருபது நிமிஷப் பயிற்சியோடு ஒருவரை நிறுத்திவிட்டு நாம் உள்ளே ஆடுகிறோம்.

ஏதாவது நடந்தால் மட்டும் அவர் ஞாபகத்துக்கு வருவார். டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில், 1997 ஜூன் 13, 59 பேர் செத்தார்கள். 2007ல் விசாரணை நீதிமன்றம் தண்டித்த 12 பேரில் கேட் கீப்பரும் ஒருவர். முதலாளிகளும் தண்டிக்கப்பட்டார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கதவைத் திறக்காதது குற்றம்தான். ஆனால் பழி வரும்போது சங்கிலி கடைசி ஆள் வரைக்கும் ஒழுங்காக எட்டுகிறது, கூலி மட்டும் வழியில் எங்கேயோ நின்றுவிடுகிறது. இந்தக் கணக்கு எந்த லெட்ஜரில் டாலி ஆகும் சாமி?

2022ல் கர்பா பாஸுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியா என்று குஜராத்தே கொதித்தது. 2023ல் ஆடும்போது மாரடைப்பு வந்து இறந்தவர்கள் செய்தியானதும் மைதானத்தில் ஆம்புலன்ஸ், டாக்டர் என்று பேச்சு வந்தது. நல்லதுதான். காசு கொடுத்து ஆடுகிறவர்களுக்காக ஊர் வாயைத் திறக்கும் என்று தெரிகிறது. கேட்டில் நிற்கிறவர்களுக்காகவும் ஒரு தடவை திறக்கட்டும்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. அமைப்பாளர் போலீஸ் அனுமதி வாங்கும்போது ஏற்கெனவே ஒரு கட்டுக் காகிதம் கொடுக்கிறார். அதோடு கேட் ஊழியர் பட்டியல், பயிற்சிச் சான்று, கூலி நேராக அவரவர் பாங்க் கணக்குக்குப் போகும் என்ற உறுதிமொழி. நாலு கேட்டுக்கு நாலு நாற்காலி, மாற்றி விட ஆள், ஒரு கழிப்பறை, ராத்திரி ஒரு வேன். பாட்டுக்காரருக்குக் கொடுப்பதில் ஓரத்தைக் கிள்ளினாலே போதும்.

அவர் பணம் ஜனவரியில் வந்துவிட்டதாம், அந்த 600 மட்டும் வரவில்லை. நான் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "நீங்கள் பிடிக்கவில்லையே சாஹேப், பிடித்தவன் தரட்டும்" என்றார்.

அதனால் மேஜையில் இருக்கும் கடிதத்துக்குப் பதில் எழுதிவிட்டேன். பேனர் வைக்கத் தயார், போன நவராத்திரிக்குக் கேட் ஊழியர்களுக்குக் கூலி கொடுத்த பட்டியலின் நகலை அனுப்புங்கள் என்று. பத்து நாள் ஆகிறது. பதில் இல்லை. அந்தக் கரண்ட் அக்கவுண்ட் வேறு பாங்குக்குப் போய்விடும் என்று மேனேஜர் நண்பர் ஒருவர் எச்சரித்தார். ஏரியா ஆபீஸில் விளக்கம் கேட்பார்கள். கேட்கட்டும்.

டிஸ்கி: இது என் சொந்தக் கருத்து. நான் வேலை பார்க்கும் வங்கிக்குச் சம்பந்தமில்லை. எங்கள் ஏடிஎம் வாசலில் நிற்கும் காவலரும் காண்ட்ராக்ட்தான், அங்கே நாற்காலி இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இருக்கிறது. போன மாசம்தான் போட்டேன்.