கணக்கப்பிள்ளையின் ஆங்கிலம்

எங்கள் பாலவாக்கத்தில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் சிலருக்கு ஒரு பழக்கம். எங்கிருந்தோ ஓர் அபூர்வ ஆங்கிலச் சொல்லைப் பிடித்துவந்து, "அர்த்தம் தெரியுமா சார்?" என்று மடக்குவார்கள். எனக்குத் தெரியாது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். என் ஆங்கிலத்தைக் கேட்டு அதிகாரி ஒருவர் ஆபீசில் எல்லார் முன்னாலும் சிரித்ததுண்டு. ரிடையர் ஆகியும் அந்த உறுத்தல் போகவில்லை.

போனது, 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியைப் புரட்டியபோதுதான். யூல், பர்னல் என்ற இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அதில் 'கோனிகோபொலி' என்று ஒரு சொல். வேறொன்றுமில்லை, நம்ம கணக்கப்பிள்ளை! காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்த நானே ஓர் அபூர்வ ஆங்கிலச் சொல்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

மிளகுத்தண்ணீர் 'முல்லிகடானி' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகி பிரெஞ்சுக்கும் போயிற்று.

மறந்துபோன சொல்லைத் தேடிப் பிடிப்பது தனி சுகம். அதை நான் குறை சொல்லவில்லை. அதை வைத்து அடுத்தவனை மட்டம் தட்டுவதைத்தான் சொல்கிறேன். வெள்ளைக்காரன் நம் சொற்களைத் தப்பும் தவறுமாக உச்சரித்தான். கொஞ்சமும் கூச்சப்படாமல் அதை அகராதியிலும் ஏற்றினான். அவன் சொல்லை நாம் சற்றுப் பிசகிச் சொன்னால் மட்டும் சிரிப்பா? அதுவும் நம்மவரே?

நாளைக் காலை நான் கேட்கப்போகிறேன்: "கோனிகோபொலி தெரியுமா சார்?"

தெரியாவிட்டால் சிரிக்கமாட்டேன். சொல்லித் தருவேன்.