சேர்வர் விழுந்தால் காசாளரைப் பிடிப்பதா?

புறக்கோட்டையிலாகட்டும் காத்தான்குடியிலாகட்டும், எம்மவர்களின் கடைகளில் சிட்டைப் புத்தகம் போய் கம்பியூட்டர் வந்து வெகுகாலமாகிவிட்டது. மூன்று நான்கு இடங்களில் பில் போடும் கடையென்றால் பின்னறையில் ஒரு சேர்வரும் இருக்கும். ஸ்டொக், கடன், காசோலைத் திகதி எல்லாம் அதற்குள்தான். அந்தப் பெட்டி அடியோடு பழுதானால் குழப்பமில்லை. செலவு செய்து மாற்றிவிடுவோம். ஆளைக் கொல்வது எப்போதாவது ஒரு தடவை விழுகின்ற சேர்வர்தான். இருபது நாள் ஒழுங்காக ஓடும். பெருநாள் வியாபாரம் சூடுபிடித்த இரவில் நின்றுவிடும். ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால் ஒன்றுமே நடக்காதது போல எழும்பிவிடும். மறுநாள் மென்பொருள் கம்பனியிலிருந்து ஆள் வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். வைத்தியரின் வாசலுக்குப் போனதும் பல்வலி நின்ற கதைதான்.

இதை வெறும் கம்பியூட்டர் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. சேர்வர் விழுந்த அந்த நிமிடத்தில் நான்கு பேர் பில் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு பில் பதியாமல் போகலாம், இன்னொன்று இரண்டு தடவை பதியலாம். இரவு கணக்குப் பார்க்கும்போது லாச்சியில் எட்டாயிரம் ரூபா குறைகிறது. சேர்வரைப் பிடித்து விசாரிக்க முடியாது. காசாளர் பொடியன் முன்னால் நிற்கிறான். சம்பளத்தில் வெட்டு. இரண்டாவது தடவையும் நடந்தால் ‘கைநீளம்’ என்ற பெயர். அந்தப் பெயரோடு ஊருக்குப் போனவர்களை எமது வியாபார வட்டத்தில் நான் அறிவேன். அவர்களில் யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று இன்றுவரை எந்த முதலாளிக்கும் தெரியாது. ஏனெனில் எவரும் தேடிப் பார்க்கவில்லை.

நம்மூர் முதலாளிமார் மாத்திரம்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். பிரித்தானிய தபால் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கு 1999ஆம் ஆண்டு முதல் ‘ஹொரைசன்’ என்ற மென்பொருள் கிளைகளுக்குப் போடப்பட்டது. கணக்கில் குறைவு காட்டியபோதெல்லாம் உப தபாலதிபர்களே பிடிக்கப்பட்டார்கள். 2015 வரை 900க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். உதவி கேட்டு அழைத்தவர்களில் பலருக்கு, உங்களுக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று சொல்லப்பட்டது. ஸ்கொட்லாந்தின் ஃபோல்கேர்க் நகரக் கிளையொன்றில் 2005இல் தெரியவந்த கோளாறு இதற்கு நல்ல உதாரணம். ஒரே கிளையின் கவுண்டர்களுக்கிடையில் தகவல் பரிமாற்றம் இடைக்கிடை அறுந்து, ஒரு கவுண்டரிலிருந்து மற்றதற்கு மாற்றிய தொகை இரு தடவை பதிவாகும். இது பல வருடங்களாக இருந்துவரும் கோளாறு என்று மென்பொருள் நிறுவனத்தின் உள்ளகக் குறிப்புகளிலேயே இருந்தது. 2019 டிசம்பரில்தான் மென்பொருளில் குறைபாடுகள் இருந்ததை இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பாகச் சொன்னது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தீர்ப்புகள் ஒரே நாளில் இரத்தாகின. எஞ்சியோருக்காக 2024இல் பாராளுமன்றமே தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இருபது வருடங்கள்!

இடைக்கிடை வரும் கோளாறுக்கு இவ்வளவு காலம் தப்பித்திருக்க முடிவது ஏன்? நாம் கையாளும் வைத்தியமே அதற்குப் பாதி காரணம். ரீஸ்டார்ட் செய்தால் சேர்வர் எழும்பும், உண்மைதான். ஆனால் விழுந்த நேரத்தில் அதன் மெமரியில் என்ன இருந்தது, எந்த வேலை எதற்காகக் காத்துக்கொண்டிருந்தது என்ற தடயமெல்லாம் அத்தோடு அழிந்துவிடும். திருட்டு நடந்த கடையைப் பொலிஸ் வரும் முன்னர் கூட்டிக் கழுவி வைப்பது போன்றது இது.

அமெரிக்காவின் தென்கலிபோர்னியாவில் விமானங்களுடன் பேசும் வானொலித் தொடர்பை நடத்திய சேர்வரை 30 நாளுக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதனுள்ளே ஓடிய கடிகாரம் மில்லி செக்கன்களை எண்ணிக்கொண்டிருந்தது. 429 கோடியே 49 இலட்சம் சொச்சம் வந்ததும் எண்ண இடமில்லை. நாள் கணக்கில் 49.7 நாட்கள். 2004 செப்டெம்பர் 14ஆம் திகதி, யாரோ ஒருவர் ரீஸ்டார்ட் செய்யத் தவறியதால் அது நின்றது. மாற்று ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. நூற்றுக்கணக்கான விமானங்கள் வானத்தில் இருக்கும்போது மணிக்கணக்கில் தொடர்பு இல்லை. விதி இருந்தது, நோய் இருந்தபடியே இருந்தது.

இதற்கு நேர்மாறான கதை அதற்கு முந்திய வருடத்தில் நடந்தது. 2003 ஆகஸ்ட் 14ஆம் திகதி அமெரிக்காவின் வடகிழக்கும் கனடாவின் ஒன்டாரியோவும் இருண்டன. பாதிக்கப்பட்டோர் சுமார் 5 கோடி. ஒஹியோ மாநில மின்சாரக் கம்பனியின் அபாய அறிவிப்பு மென்பொருள் பிற்பகல் 2.14க்கே நின்றுவிட்டது. அதை நடத்திய சேர்வர் விழுந்தது, உதவிக்கு வந்த சேர்வரும் விழுந்தது. திரையில் அபாயச் செய்தி எதுவும் வரவில்லை என்பதால் எல்லாம் சரியென்று ஊழியர்கள் இருந்துவிட்டார்கள். மென்பொருளைச் செய்தவர்கள் பின்னர் வாரக்கணக்கில் தேடினார்கள். முப்பது இலட்சம் மணித்தியாலங்கள் ஓடியும் தலைகாட்டாத கோளாறு அது. கடைசியில் மென்பொருளின் வேலைகளை வேண்டுமென்றே தாமதப்படுத்தி ஓட்டியபோதுதான் பிடிபட்டது. இரண்டு வேலைகள் ஒரே இடத்தில் ஒரே கணத்தில் எழுதியிருந்தன. இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒரே பேரேட்டின் ஒரே வரியில் ஒரே நேரத்தில் எழுதினால் எப்படியிருக்கும்? அதேதான். பொறுமையாகத் தேடினால் இப்படிப்பட்டதும் அகப்படும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

எமது கடைகளில் இருப்பது பெரும்பாலும் இவ்வளவு நுட்பமான நோயுமல்ல. முதலில் விழுந்தது மெஷினா, மென்பொருளா என்று பிரித்தறிய வேண்டும். விண்டோஸ் சேர்வர் என்றால் அதன் ‘ஈவென்ட் வியூவர்’ பதிவுகளில் 41 அல்லது 6008 என்ற இலக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மெஷின் முறையாக மூடப்படாமல் நின்றிருக்கிறது. மின்சாரம், யூ.பீ.எஸ். பற்றரி, தூசு அடைத்த விசிறி, சூடு என்று அந்தப் பக்கம் தேடலாம். மெஷின் ஓடிக்கொண்டிருக்க மென்பொருள் மாத்திரம் நின்றிருந்தால் கதை வேறு. சில மென்பொருள்கள் வேலை முடிந்தும் மெமரியில் பிடித்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பதில்லை. களஞ்சியத்தில் வெற்றுப் பெட்டிகளை வெளியே போடாமல் அடுக்கிக்கொண்டே போனால் ஒருநாள் சாமான் வைக்க இடமிருக்காது அல்லவா? ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது அந்த மென்பொருள் எவ்வளவு மெமரி பிடித்திருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தால் இரண்டு வாரத்தில் விளங்கிவிடும். மெமரிச் சில்லே பழுதா என்று அறிய ஓர் இரவு முழுக்க அதற்கான சோதனையை ஓட விடலாம். செலவு ஒரு சதமுமில்லை.

கொப்பிதான் முக்கியம். விழுந்த நேரம், அப்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார், திரையில் என்ன வந்தது (கைத்தொலைபேசியில் படமெடுத்தால் போதும்), அதற்கு முன் எதை மாற்றினோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆனின் மிக நீண்ட வசனத்தில் கட்டளை பெற்ற சமூகத்துக்கு இது புதிதல்ல. ஸூரத்துல் ஹுஜுராத்தில் வருகின்ற, தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை லாச்சிக்குப் பக்கத்தில் நிற்கும் பொடியனுக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

மென்பொருள் விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘உங்கள் கரண்ட் சரியில்லை’ என்பது பதிலல்ல, அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். வேறு கடைகளிலும் இதே கோளாறு வந்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். எம்மவர்களும் சளைத்தவர்களல்லர். பெயர்ப்பலகைக்கு இலட்சக்கணக்கில் கொடுப்போம், வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வந்ததும் ஐயாயிரம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோம். குறைத்த காசுக்குக் கிடைப்பது தொலைபேசியில் ‘ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க’ என்ற வார்த்தைதான். கோளாறின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் போடுங்கள். அதற்குரிய விலையையும் கொடுங்கள்.

அதுவரை சேர்வர் விழுந்த நாளின் பற்றாக்குறையைத் தனிக் கணக்கொன்றில் போட்டு வைக்கலாம், சம்பளத்தில் கை வைக்க வேண்டியதில்லை. ஏற்கனவே வெட்டியவர்கள் அந்தத் திகதிகளையும் சேர்வரின் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பதிவேடு நிறைந்ததும் பழையவற்றின் மேலேயே புதியவை எழுதப்பட்டுவிடும். ஆகவே இந்த வாரமே ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.