கலப்புப் பயிரும் காணியும்

ஒரே பயிரை நம்பி மலைகளை மொட்டையடித்தவர்கள், அப்பயிர் பட்டபோது அதை வளர்த்த மக்களைக் கைவிட்டார்கள். ஈழத்துக் கோப்பியின் வரலாறு இதுவே.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவ முடியாத காடுகளையும் சேனைகளையும் முடிக்குரிய காணியாக்கிற்று. காடுகள் வீழ்ந்தன, மலைச்சரிவெங்கும் கோப்பி எழுந்தது. 1869இல் மடுல்சீமையில் இலைத்துரு நோய் தென்பட்டது. 1880இல் அதனை ஆராய வந்த மார்ஷல் வார்ட், இடையீடின்றிப் பரந்து கிடந்த ஒற்றைப் பயிரே காற்றில் பரவும் அப்பூசணத்துக்கு வாய்ப்பளித்தது என எடுத்துக்காட்டினார். துரைமார் கற்ற பாடம் யாது? கோப்பியைப் பிடுங்கி, அதே மலைகளில் தேயிலையை நிரப்பினர். பயிர் மாறிற்று, முறை மாறவில்லை. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, வழியில் மடிந்தோர் போக எஞ்சியவர்களின் உழைப்பில் எழுந்த தோட்டங்கள் அவை. அவ்வுழைப்பாளிக்குப் பிடி மண்ணும் சொந்தமாகவில்லை.

அம்மலைகளின் அருகிலேயே மற்றொரு பள்ளிக்கூடம் இருந்தது: கண்டிக் கிராமத்தவரின் வீட்டுத் தோட்டம். மேலே பலாவும் தென்னையும், கமுகிலே படர்ந்த மிளகுக் கொடி, கராம்பு, சாதிக்காய், கீழே வாழையும் கோப்பியும். இலைத்துரு அங்கும் புகுந்தது. ஆயினும் கோப்பி பட்டதேயன்றித் தோட்டம் படவில்லை. ஒன்று பொய்த்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே கலப்புப் பயிரின் சாரம்.

இன்று கோப்பிக்கு மீண்டும் மவுசு பிறந்திருக்கிறது. கொழும்பின் குளிரூட்டிய மண்டபங்களில் நிழல்மரம், ஊடுபயிர், நிலைபேறான வேளாண்மை என்ற சொற்கள் முழங்குகின்றன. நன்று, அவற்றை நாம் எதிர்க்கவில்லை. ஆனால், உழுபவனைக் கேளாமல் மேலிருந்து இறங்கும் நற்சொல் என்னாகும் என்பதை 2021இல் கண்டோம். இரசாயன உரத்தை ஒரே கட்டளையால் தடைசெய்த அரசு, அவ்வாண்டு முடியுமுன்னரே பின்வாங்கியது. இடையில் நொந்தவர்கள் உழவர்களே.

ஆகவே நாம் கேட்பது ஒன்று: கலப்புத் தோட்டம் யாருடையது? 1992இல் பெருந்தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. லயத்தில் வாழும் குடும்பத்துக்கோ வீடு கட்ட 7 பேர்ச், 10 பேர்ச் என்றே பேச்சு நடக்கிறது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். 10 பேர்ச்சில் வீடு அமையலாம். பலாவும் மிளகும் கோப்பியும் வளரும் வாழ்வு அமையுமா? கம்பனியின் தேயிலையோடு மிளகையும் கோப்பியையும் சேர்த்து நட்டு, தொழிலாளியை நாட்கூலியாகவே வைத்திருப்பது கம்பனியின் இலாபத்துக்குக் காப்புறுதியேயன்றி உழைப்பாளிக்குப் பாதுகாப்பன்று.

பராமரிப்பற்றுக் காடாகிக் கிடக்கும் தோட்டக் காணிகள் மலையகத்தில் இல்லாமலில்லை. அவற்றை உழைத்தவர்களுக்கே பிரித்து, உறுதிப்பத்திரத்துடன் வழங்குக! நாற்றும் கடனும் சந்தையும் அவர்களுடைய கூட்டுறவின் வழியே சேர்க! வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கோப்பி பருகும் நாம், அதன் மணத்தை மட்டும் பேசி அமைதல் தகாது. அதன் மண்ணையும் பேசுவோம். காணியற்றவனுக்குக் கலப்புப் பயிர் போதிப்பது, கலமற்றவனுக்கு விருந்து பரிமாறுவதேயாகும்.