பாயசம் போதும் சார்!

ஐப்பசி கடைசி நாள் கடைமுகம். மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் முழுக்குப் போட்ட கையோடு ஈரவேட்டியுடன் முதியோர் இல்லத்துக்கு போன் போடுகிற ஆசாமிகள் உண்டு.

"இன்னிக்கு மத்தியானச் சாப்பாடு நம்ம செலவு. பாயசத்தோட!"

"ஏற்கெனவே மூணு பேர் பணம் கட்டிட்டாங்க சார். இங்கே பாதிப் பேருக்கு சுகர் வேற..."

சின்ன இல்லங்களின் வரவு செலவு இதுதான். பிறந்த நாள், திதி, அமாவாசை என்றால் இலை நிரம்பிவிடும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தாத்தாவை பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிற ஆயாவின் சம்பளத்துக்கு ஸ்பான்சர் கிடையாது. கரன்ட் பில் கட்டினவர் பெயரை எந்த போர்டில் எழுதுவது? 'நம்ம பணம் சாப்பாட்டுக்கு மட்டும்தான், நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது' என்று கண்டிஷன் வேறு. (ஆயா, நிர்வாகமாம்!)

தாமதமாக வந்தவனுக்கும் காவேரி ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறாள்: கார்த்திகை 1, முடவன் முழுக்கு. ஆயா சம்பளத்துக்குத்தான் பஞ்சாங்கத்தில் நாள் இல்லை.

சம்பளம் வாங்கும் வாசகர்களே, மாசம் 500 ரூபாய் பாங்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி எழுதிக் கொடுங்கள். வரிச்சலுகை வேண்டுமென்றால் பழைய வரி முறையில் இருக்கணும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் பலிக்காது. 'எதற்காக' என்ற கட்டத்தில் மட்டும் தயவுசெய்து 'பாயசம்' என்று எழுதாதீர்கள்.