பாண் வரிசையும் வீட்டு அடுப்பும்

எங்கள் ஒழுங்கையில் பொழுது புலர்ந்ததை அறிவிப்பது இப்பொழுது சேவல் அன்று. பாண் விற்கும் முச்சக்கரவண்டியே. பேத்தோவன் என்னும் ஜெர்மானிய இசைமேதை பியானோவுக்கென இயற்றிய மெட்டொன்றை ஒலித்தபடி அது வரும். அவ்விசை கேட்டதும் வீட்டுக்கு வீடு படலை திறக்கும். ஒரு றாத்தல் பாணை வாங்கி, சம்பலோ பருப்புக்கறியோ சேர்த்துக் காலை உணவை முடித்துவிடுகின்றோம். இதிற் குறை காண நான் வரவில்லை. ஆனால் அந்த வண்டி வராத காலையில் என் செய்வது என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

அத்தகைய காலைகளை நான் என் வாழ்வில் இருமுறை கண்டவன். முதன்முறை 1974ஆம் ஆண்டு. அப்போது எனக்குப் பத்து வயது. அந்நியச் செலாவணி வற்றி, மாவும் சீனியும் அருமைப்பட்டுப் போன காலம். விடியுமுன்னே தந்தையார் என்னை எழுப்பிப் பாண் வரிசையில் இடம் பிடிக்க அனுப்புவார். இரண்டாம் முறை 2022ஆம் ஆண்டு. சமையல் எரிவாயு இல்லை; பெற்றோல் இல்லை; மாவின் விலையோ எட்டாத உயரம். அடுப்பெரிக்க வழியின்றி வெதுப்பகங்கள் பல அடைபட்டன. இசை வண்டியும் ஓய்ந்தது. ஐம்பத்தெட்டு வயதில் மீண்டும் ஒரு வரிசையில் நின்று, என் முறை வருமுன்னே பாண் முடிந்துபோக, வெறுங்கையுடன் வீடு திரும்பினேன்.

வாசற்படியில் என் பேத்தி பாடசாலைச் சீருடையோடு காத்திருந்தாள். “அப்பப்பா, எங்கடை வீட்டிலை மா இருக்குத்தானே? நாங்களே பாண் சுடேலாதா?” என்று கேட்டாள். அன்று மனைவி ரொட்டி சுட்டுத் தந்தாள். யாரும் பட்டினி கிடக்கவில்லை. எனினும் அக்கேள்வி என்னை விட்டபாடில்லை. நாற்பத்தெட்டு ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதன் ஒரே வரிசையில் இருமுறை நின்றிருக்கின்றான். முதல் வரிசையிலிருந்து அவன் கற்றது ஒன்றுமில்லை. பசியைவிட அந்த வெட்கமே என்னை அதிகம் சுட்டது.

பாண் அந்நியரின் உணவு, அதைக் கைவிடுவதே வழி என்று சொல்வார் உளர். பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் தந்தது என்பது மெய். 1505இல் இத்தீவுக்கு வந்து, 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றியவர்கள் அவர்கள். ஆனால் நம் கறிக்கு உறைப்பூட்டும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியதே. அதையும் இப்பக்கம் கொணர்ந்தவர்கள் அவர்களே. மிளகாயை இன்று யாரேனும் அந்நியம் என்பாரா? அதை நாம் நட்டோம், காயவைத்தோம், இடித்தோம். ஆதலால் அது நமதாயிற்று. பாணையோ நாம் வாங்க மட்டுமே கற்றோம். நானூறு ஆண்டு உண்ட பின்னும் அது கடைப்பொருளாகவே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இத்தனைக்கும் பாணின் உயிர்நிலையான பொங்கும் வித்தை நம் அடுப்படிக்குப் புதியதன்று. அப்பத்துக்கு மாக் குழைக்கும்போது கள்ளுச் சேர்க்கும் வழக்கத்தை நம் பாட்டிமார் அறிவர். கள்ளிலே தானாகக் குடிகொண்டுள்ள நுண்ணுயிர் மாவிலுள்ள இனிப்பை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகின்றது. அவ்வாயுவே அப்பத்தைக் கண்கண்ணாகப் பொங்கச் செய்கின்றது. கோவாவில் போர்த்துக்கேயர் வழி வந்த பாண்காரர்களும் தென்னங்கள்ளையே நெடுங்காலம் பயன்படுத்தினர். கடையில் ‘ஈஸ்ட்’ என்று நாம் கேட்டு வாங்கும் பொருளும், பாடநூல் ‘மதுவம்’ என்று கூறுவதும் அதே இனத்து நுண்ணுயிரே. அப்பம் சுட்ட கைக்குப் பாண் சுடுதல் எட்டாத கலை ஆகுமா?

ஆகாது என்றே துணிந்து இறங்கினேன். முதல் முயற்சியின் கதையை மறைக்காமற் சொல்லிவிடுகின்றேன். இடியப்பத்துக்குக் கொதிநீர் விட்டுக் குழைக்கும் வழக்கத்தில், ஈஸ்ட்டையும் கொதிநீரிலே கரைத்துவிட்டேன். ஏறத்தாழ 60 பாகை வெப்பத்திலேயே மாண்டுபோகும் உயிர் அது. கொதிநீரில் எப்படிப் பிழைக்கும்? இரவு முழுதும் காத்திருந்தும் மா அசையவில்லை. பிடிவாதமாக அதைச் சுட்டும் எடுத்தேன். “இஞ்சாருங்கோ, குழவி தேய்ஞ்சு போச்சு எண்டு சொன்னனான், அதுக்காக இப்பிடி ஒண்டு செய்து தருவியள் எண்டு நினைக்கேல்லை” என்றாள் மனைவி.

பின்னர் கண்ட முறை மிக எளியது. அரைக் கிலோ கோதுமை மா, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி உலர்ந்த ஈஸ்ட், 325 மில்லிலீற்றர் பச்சைத்தண்ணீர். இரவு ஒன்பது மணிக்கு இவற்றை ஒன்றாகக் கலந்து, ஈரத்துணியால் மூடிவிட்டு நித்திரைக்குப் போகலாம். பிசைய வேண்டியதில்லை. ஈரமான கோதுமை மாவில் குளூட்டன் என்னும் பசை, காலம் செல்லச் செல்லத் தானே இழை இழையாகப் பின்னிக்கொள்ளும். கையின் வேலையைக் காலம் செய்துவிடும். ஈஸ்ட்டைக் குறைத்துக் காலத்தை நீட்டுவதில் இன்னொரு நயமும் உண்டு. அவசரமாகப் பொங்கிய மாவிற் காணாத மணமும் சுவையும் ஓரிரவு புளித்த மாவில் ஏறுகின்றன.

காலை ஐந்து மணிக்குப் பார்த்தால் மா இருமடங்காகிக் குமிழி விட்டு நிற்கும். அதை நாற்புறமும் மடித்து, எண்ணெய் பூசிய தகரத்தில் இட்டு, முக்கால் மணிநேரம் மீண்டும் பொங்கவிட வேண்டும். பின் 220 பாகை வெப்பத்தில் சுமார் நாற்பது நிமிடம் வேகட்டும். மின் போறணை இல்லாதோர் கனத்த இரும்புச் சட்டியை மூடி, கீழும் மேலும் சிரட்டைத் தணல் இட்டுச் சுடலாம். மின்வெட்டுக் காலத்தில் நானும் அவ்வாறே சுட்டேன். அடியைத் தட்டினால் வெற்றுப் பெட்டியைத் தட்டினாற்போல் ஒலிக்குமானால் வெந்துவிட்டது என்று அறியலாம். அரைமணிநேரமாவது ஆறவிடாமல் வெட்டினால் உள்ளே களியாகும். இந்த அரைமணிப் பொறுமையே இக்கலையில் மிகக் கடினமான பகுதி. வீடெங்கும் மணம் பரவிவிடுகின்றதே!

இனி, தடை சொல்வோருக்கு. கோதுமை இந்நாட்டில் விளைவதில்லை. 1980ஆம் ஆண்டு முதல் திருகோணமலையில் பெரிய ஆலையில் அரைத்தாலும், தானியம் கப்பலில்தான் வருகின்றது. வீட்டிற் சுடுவதால் கப்பல் நின்றுவிடுமா என்று கேட்கலாம். நில்லாது. மா அறவே இல்லாத நாளில் இக்கலை உதவாது என்பதையும் ஒப்புகின்றேன். ஆயினும் நாலில் ஒரு பங்கு குரக்கன் மா கலந்தாலும் பாண் நன்றாகவே எழுகின்றது. அதற்குமேற் கலந்தால், குரக்கனில் குளூட்டன் இன்மையால், பாண் கனத்து அமிழ்ந்துவிடும். தன் கையாற் சுடுபவனுக்கே இவ்வாறு கூட்டவும் குறைக்கவும் சுதந்திரம் உண்டு. செலவு மிகக் குறையும் என்றும் நான் சொல்லவில்லை. மின்சாரக் கட்டணத்தை அறிந்தவன் அவ்வாறு சொல்லத் துணியான். வெதுப்பகத் தொழிலாளியின் பிழைப்பைக் கெடுக்கவும் நான் கருதவில்லை. வாரத்தில் ஒருநாள் போதும் என்கின்றேன்.

எனினும் ஒரு தடையை நான் மதிக்கின்றேன். விடியுமுன் எழுந்து அடுப்படியில் நிற்கும் பெண்ணின் தலையில் இன்னொரு சுமையா என்பதே அது. அதற்கு என் விடை: இவ்வேலையை ஆண்கள் ஏற்கட்டும். வரிசையில் மணிக்கணக்காக நிற்க முடிந்த நமக்கு, இரவில் பத்து நிமிடம் மாக் குழைக்க முடியாதா?

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு மாக் கலப்பவர்கள் நானும் பேத்தியுமே. ஞாயிறு காலை அவள் முதலில் எழுந்து துணியை நீக்கிப் பார்க்கின்றாள். மா பொங்கியிருக்கக் கண்டு அவள் முகமும் மலர்கின்றது. ஒழுங்கையில் அந்த இசை கேட்டால் இன்னமும் படலையைத் திறந்து அவளுக்கு ஒரு பணிஸ் வாங்கத்தான் செய்கின்றேன். மூன்றாவது வரிசை ஒன்று இந்நாட்டுக்கு வராதிருக்கட்டும். வந்தாலும், தன் தந்தையின் தந்தையைப் போல் ஒன்றும் அறியாதவளாய் அவள் அதில் நிற்கமாட்டாள்.