பொன்னாடையும் சீதன உறுதியும்

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் முதலாந் திகதி எங்கள் ஊர்ப்புறத்தில் ஒரே காட்சிதான். இலங்கையில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் அன்றைக்கே. சிறுவர்களுக்கு இனிப்பு, முதியவர்களுக்குப் பொன்னாடை. அதன்பின் ஒருவர் எழுந்து, முதியோர் இல்லம் மேலைநாட்டார் வழக்கம் என்றும் அது நமது பண்பாட்டுக்கு இழுக்கு என்றும் முழங்குவார். கரகோஷம் எழும். முப்பது ஆண்டுகளாக இந்தச் செய்தியை எழுதி அச்சுக்கு அனுப்பியவன் நான். இன்று அதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

காரைதீவை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர். வடக்கே மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், தெற்கே நிந்தவூரும் முஸ்லிம் ஊர்கள். மதம் வேறாயினும் ஒரு விடயத்தில் இக்கரையோரம் முழுவதும் ஒன்றுதான். திருமணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் நகைச்சுவையாகச் சொல்லும் 'வீட்டோடு மாப்பிள்ளை' இங்கே ஊர் வழமை. வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். பெற்றோர் அதே வளவிலே சிறியதொரு வீட்டுக்கோ பின்னறைக்கோ ஒதுங்குவர். அடுத்த மகளின் வீடு வேலிக்கு அப்பால் எழும்.

நமது பேச்சாளர்கள் 'பாசம்' என்று போற்றுவது பெரிதும் இந்த வேலிதான் என்பேன். கிழவி இருமினால் மூன்று வீடுகளுக்குக் கேட்டது. ஒருத்தி சமைக்காவிட்டால் மற்றவள் சமைத்தாள். நாம் பிறரை விட நல்லவர்கள் என்பதனாலன்று, வீடுகள் அவ்வாறு அமைந்திருந்தமையாலேயே முதியவர் தனித்துவிடப்படவில்லை.

அந்த அமைப்பு இன்று எங்கே? 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. நாட்டிலேயே அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். எஞ்சியோரிற் பலர் அக்கா ஓரிடம், தங்கை ஓரிடம் எனக் குடியமர்த்தப்பட்டனர். தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் பெயரில் இருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த புதிய வீடு, பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற சொல்லால் ஆணின் பெயருக்கு மாறியது. பின்னர் கட்டார், இலண்டன், மெல்பேர்ண் என்று பிள்ளைகள் போயினர். வேலி போயிற்று. உறுதி எழுதும் வழக்கம் மாத்திரம் அப்படியே இருக்கிறது.

என் தாயார் தமது வீட்டைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்தார். பல ஆண்டுகளின் பின் தங்கை குடும்பம் வெளிநாடு செல்லும் தேவைக்காக அதனை விற்றது. சட்டப்படி பிழையில்லை. அம்மாவின் கையெழுத்து அதற்குத் தேவைப்படவுமில்லை. வாங்க வந்தவர் வளவை அளந்தபோதே அம்மா விடயத்தை அறிந்தார். கொழும்பில் என்னுடைய நாலாம் மாடி வீட்டுக்கு வந்து, பேச்சுத் துணையின்றி யன்னலோரத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்து, அங்கேயே காலமானார்.

ஊரார் தங்கையைத்தான் ஏசினர். மாதந்தோறும் பணம் அனுப்பிவிட்டு, பத்திரிகையில் முதியோர் நலன் பற்றி ஆசிரியத் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்த மூத்த மகனை ஒருவரும் கேட்கவில்லை! எங்கள் வழமை ஆண்பிள்ளைக்குத் தந்துள்ள சலுகை இது. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 'பிள்ளைகள்' என்றே சொல்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் பராமரிப்புச் சபையிடம் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பெற வழி செய்கிறது. இதனை எந்தப் பொன்னாடை மேடையிலாவது எவரேனும் விளக்கியதுண்டா?

பாசத்தைச் சட்டத்தால் வரவழைக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாதுதான். ஆனால் உறுதியிலே தமது சீவிய உரித்தை ஒதுக்கி வைத்துக்கொண்ட தாய், தன் வீட்டிலே விருந்தாளியாக மாட்டாள். அவளைக் கேளாமல் வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 12.4 சதவீதத்தினர். 70 வயது தாண்டிய வறியவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதைக் கொண்டு ஓர் அறையை வாடகைக்கு எடுக்க இயலுமா? கூரை ஒன்றுதான் இவர்களது முதுசம். அதையும் முழுவதுமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பண்பாட்டை நம்பியிருக்கச் சொல்வது எவ்வகை நியாயம்?

சில மாதங்களுக்கு முன் உறவுக்காரப் பெண்ணொருத்திக்குச் சீதன உறுதி முடிக்கச் சென்றிருந்தேன். தாயாருக்குச் சீவிய உரித்து வைத்து எழுதும்படி நொத்தாரிசிடம் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறிற்று. "எங்களில நம்பிக்கை இல்லையா?" என்றார் ஒரு பெரியவர். பெண்ணின் தாயும் என் கையைப் பிடித்து, "வேணாம் தம்பி, கலியாணம் குழம்பிரும்" என்றார். மாப்பிள்ளைதான், தனக்கும் ஒரு தாய் இருக்கிறா, எழுதுங்கள் என்றார். நொத்தாரிசு அந்த வரியைச் சேர்த்து முடிக்க இரண்டு நிமிடங்கூட ஆகவில்லை.